காலியாக விடாத கட்டம்

தன் தப்பைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற ஆட்களை நான் ரெண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுச் சொல்கிறவர்களை இதில் சேர்க்கவில்லை. மருந்தக்கா ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல், படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சொல்லிவிடுவார்.

"நைனா, ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒக்காந்துகினே கேளு."

பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் 'சார்'. தனியாக இருந்தால் 'நைனா'. தப்பைச் சொல்லும்போது மட்டும் யார் இருந்தாலும் நைனாதான்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. வெளியாட்கள் பட்டியலில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் நந்தனத்தில் எங்கள் ஐந்து மாடி ஆபீஸ் கட்டடத்தில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. பூச்சிமருந்து அடிக்க வருகிறவர், அதனால் மருந்தக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெயரைப் போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

ஐம்பதை ஒட்டிய வயது. சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. முதுகில் மருந்து டேங்க், கழுத்தில் மூக்கை மறைத்துக் கட்டுகிற துண்டு. மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கூடவே அவர் தெருப் பெண்கள் இரண்டு பேர் பஸ்ஸில் வந்து சேருவார்கள். மூன்று பேர் வீட்டிலும் அடுப்பு எரிவது எங்கள் கட்டடத்தை நம்பித்தான். மற்றதெல்லாம் ஆங்காங்கே ஒரு வீடு, ஒரு கடை என்று உதிரி.

எனக்கு என்ன வேலை என்றால், இப்படி வெளியிலிருந்து வந்து வேலை செய்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்வது. தண்ணீர் கேன் போடுகிறவர், லிப்ட் பார்க்கிறவர், செடிக்காரர், ஜெராக்ஸ் மிஷின்காரர் என்று ஒரு கூட்டம். நான் பத்தாவதோடு நின்றவன். டீ வாங்கிக் கொடுக்கிற ஆளாக அங்கே நுழைந்து, கணினியை நானே தட்டித் தட்டிப் பழகி, ஒரு மேசைக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போதெல்லாம் வாச்மேன் மேசையில் நீளமாக ஒரு நோட்டு கிடக்கும். தேதி, பெயர், வந்த நேரம், செய்த வேலை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எல்லாரும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். லிப்ட்காரர் மட்டும் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர், 'நன்று' என்று எழுதுவார். லிப்ட் அன்றைக்கு ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தாலும் நன்றுதான்.

மருந்தக்கா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதே இல்லை. கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி, அடுத்த வரிக்கும் இறங்கி எழுதியிருப்பார்.

"மூணாவது மாடி பீரோக்கும் சொவத்துக்கும் நடுவுல கை போவல. அங்க மருந்து படல."

"நாலாவது மாடில எலிப் பொட்டி ஒண்ணு வெச்சேன். எங்க வெச்சேன்னு மறந்துட்டேன். தேடிகினு கீறேன்."

அதற்குக் கீழேயே, வேறு மையில், "கெடச்சிடுச்சி."

திங்கட்கிழமை காலையில் நான் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பேன். பேன்ட்ரியில் டீ போடுகிறவருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவேன். ரெண்டு பேரும் சிரிப்போம். சிரித்துவிட்டு நான் ஆளை அனுப்பி மூன்றாவது மாடி பீரோவை நகர்த்தி வைப்பேன். அடுத்த தடவை அக்கா அந்த மூலைக்கும் மருந்து அடித்துவிட்டுப் போவார். அவர் எழுதுவதும் நான் படிப்பதும் சேர்ந்துதான் ஒரு வேலை. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஏதோ நான் அவரை வேலை வாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாய் சும்மா இருக்காது. "ஒரு கரப்பான் கண்ணுல பட்டா, நூறு உள்ள குந்திகினு சிரிக்குதுன்னு அர்த்தம்" என்பார். "பூச்சிக்கு பயப்படாத. எங்கூட்ல பூச்சியே இல்லன்றான் பாரு, அவனப் பாத்து பயப்படு" என்பார். இந்த மாதிரி வார்த்தைகள் என்றால் எனக்கு உயிர். பேப்பர் ஓரத்தில் கிறுக்கி மேசை டிராயரில் போட்டு வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீனுக்கு நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

"நைனா, எங்க கீறே?"

"மீன் வாங்க நிக்கிறேன் அக்கா. ஞாயித்துக்கெழமை."

"மீனு எங்கயும் நீந்திகினு பூடாது. வந்து ஆபீஸ தொற."

"என்னக்கா ஆச்சு?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன்."

வயிற்றெரிச்சலோடு போனேன். வாசலில் ஸ்கூட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். நேராகப் பேன்ட்ரிக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்தார்.

"நேத்து இங்க மருந்து அடிக்க சொல்லோ இந்த மூடி தொறந்து கெடந்துச்சா, மூடிகினு இருந்துச்சான்னு ஒரே ரோசன. தொறந்த மாரியும் கீது, மூடின மாரியும் கீது."

"மூடித்தான்க்கா இருந்திருக்கும்."

"அப்பிடியா? இந்தா, ஒரு ஸ்பூன் வாய்ல போட்டுக்கோ. பாக்கலாம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் சர்க்கரை முழுவதையும் கவரில் கொட்டி, அதன்மேல் இன்னொரு கவர் போட்டு முடிச்சிட்டு, மேலே 'விஷம்' என்று பெரிதாக எழுதினார். டீத்தூளையும் விடவில்லை. டப்பாக்களைச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவிக் கவிழ்த்தார். தன் பையிலிருந்து புதுச் சர்க்கரையும் டீத்தூளும் எடுத்து வைத்தார். எல்லாம் முடிந்து கீழே வந்து நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தார்.

"இதையும் எழுதணுமாக்கா? யாருக்கும் தெரியாதே" என்றேன்.

"தெரியாததாலதான எழுதறேன். தெரிஞ்சத எதுக்கு எழுதணும்?" பேனாவை மூடினார். "மருந்து அடிக்கறவளுக்கு கைய வுட வாயி நீளமா இருக்கணும் நைனா. கை பண்ணத வாயி சொல்லலன்னா, அது மருந்து இல்ல."

நான் வீட்டுக்குப் போவதற்குள் நல்ல மீனெல்லாம் போய்விட்டது. கோபமாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தையைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள், பெரிய மேலாளர் அறையில் நான் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன், எதற்கென்று ஞாபகமில்லை. கதவைத் தட்டக்கூடச் செய்யாமல் மருந்தக்கா உள்ளே வந்தார்.

"சார், மன்ச்சிக்கோங்க. எலிக்கு வெச்ச பசை அட்டை ஒண்ண ஒங்க மேசைக்கு அடியில வுட்டுட்டு பூட்டேன். அங்க பைய கிய வெச்சிடாதீங்க."

பெரிய மேலாளர் குனிந்து பார்த்தார். பையை இழுத்தார். பை அட்டையோடு வந்தது. புதுத் தோல் பை. அட்டையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த ஒரு பல்லியும் கூடவே வந்தது.

"ஏம்மா, இதை நீங்க நேத்தே..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நேத்து மறந்துட்டேன் சார். அதான் தப்பு. இப்ப நெனப்பு வந்துச்சி, வந்துட்டேன். தப்ப நான் வந்து சொன்னா அது சேதி. நீங்களா கண்டுபுடிச்சா அது வம்பு. இது சேதி சார்."

பெரிய மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அங்கேயே உட்கார்ந்து நல்லெண்ணெய் தொட்டுத் தொட்டுப் பையை அட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். எனக்கு விழ வேண்டிய மீதித் திட்டு அதோடு போயிற்று.

பெரிய முதலாளிக்கு உடம்பு முடியாமல் போய், மகன் பொறுப்புக்கு வந்தார். வெளிநாட்டில் படித்தவர். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். வந்த முதல் வாரமே அந்த நீள நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"இதுல எந்த வெண்டர் நல்லா பண்றாங்க, யார் மோசம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பாத்தாலே தெரியும் சார்."

"உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு மாசம் லீவு போட்டா?"

நியாயமான கேள்விதான்.

பெருங்குடியில் ஒரு கம்பெனி இதற்கென்றே ஒரு போர்ட்டல் செய்து கொடுத்தது. வெளியாட்கள் ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு லாகின். லைசென்ஸ் பேப்பர்களையெல்லாம் அதிலேயே ஏற்ற வேண்டும். வாசலில் கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். வேலை முடிந்ததும் போட்டோ போட வேண்டும். கடைசியில் 'குறைபாடுகள்' என்று ஒரு கட்டம். மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் அதுவே கூட்டிக் கழித்து, ஆளுக்கு ஒரு நிறம் காட்டும். பச்சை நல்லவர், மஞ்சள் பரவாயில்லை, சிவப்பு மோசம். மூன்று மாதத்தில் ரெண்டு சிவப்பு வாங்கினால் பட்டியலிலிருந்து பெயரை அதுவே எடுத்துவிடும்.

எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை. என் கையெழுத்துக்காக வெயிலில் யாரும் நிற்க வேண்டியதில்லை. லிப்ட்காரரின் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்ததை முதல் நாளே அது பிடித்துக் கொடுத்தது. பெருங்குடிப் பிள்ளைகளோடு ரெண்டு மாதம் உட்கார்ந்தேன். நான் சொல்வதை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். பத்தாவது படித்தவன் சொல்வதை! போர்ட்டல் ஒழுங்காக ஓடினால் 'மேலாளர்' என்று பட்டமும், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறையும் தருவதாகச் சின்ன முதலாளி சொல்லியிருந்தார்.

ஒருநாள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னாள், "குறைபாடு ஒவ்வொன்னுக்கும் மார்க் குறையும் சார். இதை மட்டும் வெண்டர்ஸ்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா மறைச்சிடுவாங்க."

"அவங்களே எழுதினாலுமா குறையும்?"

"யார் எழுதினா என்ன சார், குறை குறைதானே?"

நான் தலையாட்டினேன். தலையாட்டும்போது என் மனதில் மருந்தக்கா முகம் வந்தது. வந்ததா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் வந்தது.

எல்லா வெளியாட்களையும் மீட்டிங் ஹாலில் உட்காரவைத்து நானே தமிழில் பாடம் எடுத்தேன். தண்ணீர் கேன்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா மாமா, கேன் போடறதுக்குக் கூட பாஸ்வேர்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். 'குறைபாடுகள்' கட்டம் வந்ததும் அவரே கேட்டார், "அத்த காலியா வுட்டா?"

"விட்டா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

கேன்காரர் புத்திசாலி. அதற்கு மேல் கேட்கவில்லை. பின் வரிசையிலிருந்து மருந்தக்கா கையைத் தூக்கினார்.

"இத்த யாரு படிப்பாங்க சார்?"

"நான்தான் படிப்பேன்."

"அப்ப சரி."

எல்லாரும் போனதும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வாயால் சொன்னால் போன் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "நோட்டுல எய்தினா கை வலிக்கும் நைனா. இதுல எவ்ளோ வோணா சொல்லலாம் போலகீது!" அவர் சொன்னபடியே செய்தார். நோட்டில் வாரத்துக்கு ஒன்று எழுதியவர் இதில் மூன்றும் நான்கும் சொல்லிப் பதிந்தார். எட்டாத மூலை, மறந்த பெட்டி, பத்து நிமிஷம் பிந்தி வந்தது, கூட வந்த பெண் கையுறை போடாமல் வேலை செய்தது, ஒன்று விடாமல்.

நான் படிக்கவில்லை. முதல் மாதம் ஏதோ பாதி படித்தேன். அப்புறம் எனக்கு நிறப் பட்டியல்தான் வந்தது. அதைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பச்சை, ஒரு வரி மட்டும் மஞ்சள். அப்போதே ஒரு போன் போட்டிருக்கலாம். 'அக்கா, அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க.' அஞ்சு வார்த்தை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அந்த மனுஷியிடம் போய் அதை எந்த வாயால் சொல்வது என்றும் இருந்தது. அடுத்த மாதம் சிவப்பு வந்தது. அதற்கடுத்த மாதமும் சிவப்பு.

மூன்று மாத அறிக்கையைச் சின்ன முதலாளி பெரிய திரையில் போட்டார். பெரிய மேலாளர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அறையில் மருந்தக்காவைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அத்தனை பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கோடு.

"பாருங்க, சிஸ்டம் கண்டுபிடிச்சிடுச்சு" என்றார் சின்ன முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பி, குற்றமாக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். "இத்தனை வருஷமா இவங்க இங்க இருக்காங்க. உங்க கண்ணுக்கு இது எப்படித் தப்பிச்சுது?"

நான் சொல்லியிருக்க வேண்டியது, 'சார், அதெல்லாம் அவங்களே எழுதினது. மத்தவங்க எழுதல, அவ்வளவுதான் வித்தியாசம்.' சொன்னால், நான் ரெண்டு மாதம் உட்கார்ந்து செய்த போர்ட்டல் பொய் சொல்பவனுக்குப் பச்சை காட்டுகிறது என்று ஆகும். அது தெரிந்தே தலையாட்டியவன் நான் என்றும் ஆகும். கண்ணாடிக் கதவுக்கு அளவு எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"கவனிச்சுக்கிட்டுதான் இருந்தேன் சார்" என்றேன்.

அந்தப் பேச்சை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. பேசாமல் இருந்திருந்தால்கூடப் பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே மன்னித்திருப்பேன். நான் பேசினேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் மருந்தக்காவின் கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. வாச்மேன் எனக்குப் போன் போட்டார்.

"சார், மருந்தக்கா நிக்குது. கூட ரெண்டு பொம்பளைங்களும் நிக்குறாங்க. இன்னா சொல்றது?"

"மெயில் போயிருக்கும், பார்க்கச் சொல்லுங்க. நான் மீட்டிங்ல இருக்கேன்."

என் எதிரில் டீ தம்ளரைத் தவிர யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டேங்க்கை முதுகிலிருந்து இறக்காமலே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாச்மேனிடம் விரல் மடக்கி மடக்கி என்னவோ சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார். அந்தப் பெண்கள் ரெண்டு பேரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்று சாயந்தரம் வாச்மேனைக் கேட்டேன்.

"அஞ்சாவது மாடி வராண்டால ரெண்டு, பேன்ட்ரி பின்னால ஒண்ணு, எலிப் பொட்டி கீதாம். யாரும் வெறுங்கைல தொடக்கூடாதாம். புச்சா வர ஆளுங்ககிட்ட சொல்லிட சொல்லிச்சி." வாச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ்ளோதான் சார் சொல்லிச்சி. வேற ஒண்ணும் சொல்லல."

புது ஆட்கள் வந்தார்கள். யூனிபார்ம், கழுத்தில் பட்டை, கையில் டேப்லெட். அவர்கள் குறைபாடு கட்டம் பளிங்கு மாதிரி இருந்தது. டீ போடுகிறவர் ஒருநாள் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார், "இவங்க ரொம்ப ஒசத்தி சார். தப்பே பண்றதில்ல." நான் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மருந்தக்கா நான்கு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து நானே மந்தைவெளிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். போகிற வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரே அறை வீடு. மருந்து வைக்கிற அலமாரிக்கு மட்டும் பெரிய பூட்டு. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வா நைனா. நீ பிசியாகீறேன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் போன் அட்ச்சேன்."

"சொல்லுங்கக்கா."

"எந்த தப்பு?"

எனக்குப் புரியவில்லை.

"நான் எத்தினியோ சொல்லிகீறேன் அதுல. எந்த தப்புக்கு என்ன நிறுத்தினாங்க? அத்த மட்டும் சொல்லு. வேற ஆபீஸ்ல போய் கேட்டா, நந்தனத்துல ஏன் நின்னுச்சின்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியலன்னு சொன்னா நம்ப மாட்டேன்றாங்க. இன்ன தப்பு பண்ணேன், இனிமே பண்ண மாட்டேன்னு சொன்னாதான வேல குடுப்பான்? அந்தப் பொண்ணுங்க ரெண்டும் தெனம் வந்து கேக்குதுங்க."

இப்போது சொல்ல வேண்டும். 'எந்தத் தப்பும் இல்லக்கா. எழுதினதுதான்.' சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். 'நீதான படிக்கறேன்னு சொன்னே?' அதற்கு என்ன பதில்? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"வாசனை" என்றேன்.

"வாசனையா?"

"மருந்து அடிச்சப்புறம் வாசனை நிக்குதாம். ரெண்டாவது மாடில சிலபேருக்குத் தலைவலின்னு..."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்படி யாரும் சொன்னதே இல்லை. அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"கரெக்டு. எனக்கே தெரியல பாரு. வருசக் கணக்கா மோந்து மோந்து என் மூக்கு செத்துப் பூட்ச்சி. பாவம், யாரு யாருக்கு தல வலிச்சிதோ." அவர் கண்ணில் நிம்மதி தெரிந்தது. "நல்லவேள வந்து சொன்னே. தெரியாம இருந்தா எல்லா எடத்துலயும் இதே தப்ப பண்ணிகினு இருந்திருப்பேன்."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை, போன மாதம்வரை. கடைவாய்ப் பல் ஒன்று தொல்லை கொடுத்து, தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். டாக்டர் நாலரைக்குத்தான் வருவார். நான் மூன்றரைக்கே போய்விட்டேன். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. பெஞ்சில் நான் ஒருவன்தான். உள்ளே கிளினிக்கைப் பார்த்துக்கொள்கிற மேடத்தின் குரல் கேட்டது.

"ஏம்மா, ஒருதடவை துடைச்சாச்சே. மறுபடியும் எதுக்கு?"

"ரெண்டு தபா தொடைக்கணும் மேடம். முன்ன நந்தனத்துல ஒரு ஆபீஸ்ல மருந்து வாசன நிக்க வுட்டுட்டேன். ஆளுங்களுக்கு தலவலி வந்து, வேலயே பூட்ச்சி. ஒங்ககிட்ட மொதல்லயே சொல்லிடணும்ல?"

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் மேடத்தின் குரல் மாறியது.

"தலைவலியா? பேஷண்ட்ஸ் வர்ற இடம்மா இது. நாளைக்கு ஒருத்தர் வந்து சொன்னா டாக்டர் என்னைத்தான் கேப்பார். இன்னிக்கு வந்ததுக்கு வாங்கிக்கோங்க. மாசா மாசம் வர்றதுக்கு நான் வேற ஆளப் பாக்கறேன்."

"அத்த திருத்திகினேன் மேடம். அதான் ரெண்டு தபா..." என்று சொல்லிக்கொண்டே வாளியோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோயிற்று.

"தோ, அந்த ஆபீஸ் சாரே ஒக்காந்துகீறாரு! அவரையே கேளுங்க மேடம். தப்ப வூடு தேடி வந்து சொன்னவரே அவருதான்."

மேடம் வெளியே வந்து என்னைப் பார்த்தார். "அப்படியா சார்?"

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் தன் பக்கத்துச் சாட்சி கூண்டில் ஏறினால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. இவரால் யாருக்கும் எப்போதும் தலை வலித்ததில்லை, நான் கட்டிய கதை அது. இதைச் சொல்வதற்கு இதைவிடத் தோதான இடம் இனி எனக்குக் கிடைக்காது.

"ஆமா மேடம்" என்றேன். "ஒரே ஒரு தடவைதான். மத்தபடி நம்பி விடலாம். ரொம்ப நேர்மையானவங்க."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "சரி, சார் சொல்றாரேன்னு பாக்கறேன். நல்லா துடைச்சிடுங்க" என்று உள்ளே போனார்.

அக்கா என் பக்கத்தில் வந்து வாளியை வைத்தார். "நல்ல நேரத்துல வந்தே நைனா. நீ சொன்னதால கெடச்சிச்சி" என்று மெதுவாகச் சொன்னார். சேலையைச் செருகிக்கொண்டு, பெஞ்சைப் பிடித்து, ஒரு முழங்காலை ஊன்றி, பிறகு மற்றதையும் ஊன்றித் தரையில் இறங்கினார். துணியைப் பிழிந்து, மூலையிலிருந்து துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தார்.

"கால தூக்கு."

தூக்கிக்கொண்டேன். என் காலுக்குக் கீழே துடைத்தார். துணியை வாளியில் அலசிப் பிழிந்தார். மறுபடியும் துடைத்தார்.